ரெனிட்டாவின் விமான ஒத்திகை

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மெர்வின், அந்த வருடம் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு மகளுக்கு விமானம் ஏறச் சொல்லிக்கொடுத்தான். மகள் ரெனிட்டாவுக்குப் பத்து வயது. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. தாய் கரோலின் நர்ஸ். மூன்று வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனவள், கால் ஊன்றியதும் இருவரையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். இப்போது விசா வந்துவிட்டது.

டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறினாலே தலையை ஜன்னலில் முட்டிக்கொள்ளும் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது என்று மெர்வினுக்கு மலைப்பாக இருந்தது. ரெனிட்டா படித்த சிறப்புப் பள்ளியில் புவனா டீச்சர்தான் வழி சொன்னாள்.

“பிளேன் அவளுக்குப் பயமில்லைங்க. அடுத்தது என்ன நடக்கும்னு தெரியாம நிக்கறதுதான் பயம். மொத்தத்தையும் ஊட்லயே நடத்திக் காட்டிப்போடுங்க. பழகிட்டான்னா நம்மளைவிட ஒழுங்கா இருப்பா.”

டீச்சர் சொன்னபடி அட்டையில் படங்கள் ஒட்டினான். பெட்டி, கார், வரிசை, சோதனை செய்யும் பெண் காவலர், சீட் பெல்ட், ஜன்னல். கடைசி அட்டைக்கு அம்மாவின் படம் வேண்டும் என்று கேட்டதும், கரோலின் தன் லீவு நாளில் அந்த ஊர் விமான நிலையத்துக்கே போய், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வெளியே வரும் வாசலில் கையை விரித்தபடி நின்று படம் எடுத்து அனுப்பினாள். அன்றைக்கே மெர்வின் அதை அச்செடுத்துக் கடைசி அட்டையில் ஒட்டினான்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டான். உக்கடம் பழைய சாமான் கடையில் ஒரு ஆம்னி வேனின் பெல்ட்டை வாங்கிவந்து நாற்காலியில் திருகினான். காவலரின் சோதனைக் கருவிபோலக் குச்சியில் சின்ன பஸ்ஸர் ஒன்றைக் கட்டி, அது கத்தும்போது கையை விரித்து நிற்கப் பழக்கினான். இன்ஜின் சத்தத்துக்குக் கடையில் பெரிய மோட்டாரை ஓடவிட்டு, மகளை முதலில் தெருவில் நிறுத்தி, பிறகு வாசலில், பிறகு பக்கத்திலேயே உட்கார வைத்தான். அடி வாங்கினான், கடி வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவிநாசி ரோட்டில் வண்டியை விட்டு, பீளமேடு விமான நிலைய வாசலில் பெட்டிகள் உள்ளே போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில மாதங்களில் ரெனிட்டா தானாகவே அட்டைகளை எடுத்துவந்து, வரிசையாக அடுக்கி, நாற்காலியில் ஏறி பெல்ட் மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். கடைசி அட்டையில் விரலை வைத்து, “ம்மா” என்பாள்.

டிக்கெட் எடுக்க வேண்டிய வாரத்தில் கரோலின் போனில் இழுத்து இழுத்துப் பேசினாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாமா என்றாள். வீடு சின்னது, ஷிப்ட் ஒத்துவராது, அங்கே பள்ளியில் இடம் கிடைக்க நாளாகும் என்று அடுக்கினாள். மெர்வின் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான். தானே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கடைசியில் கரோலின் சாக்குகளை விட்டுவிட்டாள்.

“இங்க வந்தப்புறந்தான் நான் முழுசாத் தூங்கறேனுங்க. அவ பொறந்ததுலிருந்து எனக்கு அது இல்ல. அதை மறுபடி உட்டுக்குடுக்க என்னால முடியாதுங்க.”

“அப்ப ரெனிகிட்ட என்னன்னு சொல்றது, கரோ?”

“நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவா.”

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவனை மேலும் எரித்தது. இந்த மூன்று வருடங்களில் அவனுக்கும் தூக்கம் இருந்ததில்லை. அந்த வாழ்க்கையை விட்டு ஓடுவதற்கு அவனுக்கு ஒரு தேசம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசி அட்டையை எடுத்து ஒளித்துவைத்துப் பார்த்தான். ரெனிட்டா கட்டில், பீரோ, அரிசி டின் எல்லாவற்றையும் குடைந்துவிட்டு, மணிக்கட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டாள். திரும்ப வைத்துவிட்டான். புவனா டீச்சர் அவசரப்பட வேண்டாம் என்றாள். ஒத்திகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு ஏதாவதில் இழுத்துவிடலாம், ஆறு மாதமாவது ஆகும் என்றாள்.

ஆறு மாதம் காத்திருக்கும் மனநிலையில் மெர்வின் இல்லை. சென்னைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான். பிள்ளை கற்றது வீணாகக் கூடாது, ஒரு தரமாவது பறக்கட்டும் என்று டீச்சரிடம் சொன்னான். உள்ளுக்குள் இருந்த கணக்கு வேறு. அவள் விமானத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்து கரோலினுக்கு அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு அவள் கூனிக் குறுகிப்போக வேண்டும்.

டீச்சர் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். “அவங்கம்மா படத்தை வச்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. நமக்கு அது அட்டை. அவளுக்கு அது நிசமுங்க” என்றாள். கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சமாளித்துக்கொள்வதாக மெர்வின் சொல்லிவிட்டு வந்தான்.

அன்றைக்கு எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. ரெனிட்டா வரிசையில் நின்றாள். பெண்களைச் சோதிக்கும் திரைக்குள் அவன் போக முடியாது. வெளியே நகத்தைக் கடித்தபடி நின்றான். அவள் கையை விரித்தபடியே வெளியே வந்தாள், பின்னால் வந்த பெண் காவலர் சிரித்தார். விமானம் எழும்பும்போது காதைப் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர், இவ்வளவு சமத்தான பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றார். மெர்வின் வீடியோ எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மகளின் முகம் அத்தனை அழகாக இருந்தது.

சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக அதை அனுப்பினான். பெட்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

“கடவுளுக்கு ஸ்தோத்திரம். பாருங்க, உங்ககூட எவ்வளவு நல்லா இருக்கா. இனி எனக்குக் கவலையே இல்லைங்க.”

அதை அவன் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது ரெனிட்டா அவன் கையை உதறிவிட்டு வெளி வாசலை நோக்கி ஓடினாள். வாசலில் சிவப்புச் சுடிதார் போட்ட பெண் ஒருத்தி யாருக்கோ காத்து நின்றாள். ரெனிட்டா போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் பதறி விலகி, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் தள்ளிப் போனாள். ரெனிட்டா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு வாசலுக்கு நேரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மணி, வா. போலாம். அம்மா இங்க இல்ல கண்ணு.”

அவள் நகரவில்லை. பால் பாட்டில், பிஸ்கட், எதற்கும் கை நீளவில்லை. மெர்வின் கரோலினை வீடியோ காலில் கூப்பிட்டுப் போனை மகள் முன் நீட்டினான். யூனிபாரத்தில் இருந்த கரோலின் “ரெனி” என்றாள். ரெனிட்டா போனைத் தள்ளிவிட்டு வாசலையே பார்த்தாள். டூட்டி நேரம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போன் அணைந்தது. விமானங்கள் வந்தபடி இருந்தன. சிவப்பாக எதைக் கண்டாலும் அவள் எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். மாலையானதும் காவலர்கள் வந்து இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அலறிக்கொண்டிருந்தவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மெர்வின் டாக்சி தேடி நடந்தான். சுற்றி நின்றவர்களில் ஒருவர், பிள்ளை அவனுடையதுதானா என்று ஆதாரம் கேட்டார்.

ரயிலில்தான் திரும்பினார்கள்.

அதன் பிறகு ரெனிட்டா அவனை நம்பவில்லை. குளிக்கும் படம், சாப்பிடும் படம், பள்ளிக்கூடப் படம் என்று வருடக்கணக்கில் அவள் பின்பற்றிவந்த அட்டைகள் எதையும் தொடவில்லை. எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருந்த நாலைந்து வார்த்தைகளில் “ம்மா” போய்விட்டது. புவனா டீச்சர் அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்போல வீட்டு விஷயம் விசாரிப்பதையும் நிறுத்திக்கொண்டாள். பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

மே மாதம் கரோலின் லீவில் வந்தாள். காரமடையில் தன் அக்கா வீட்டில் இறங்கிக் குளித்துவிட்டு, சாக்லேட்டும் பஞ்சுப் பொம்மைகளுமாகக் கணபதிக்கு வந்தாள். ரெனிட்டா அவளைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்துபோகும் எத்தனையோ பேரில் ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் முன் போய் உட்கார்ந்தாள். கரோலின் பக்கத்தில் மண்டியிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வாசற்படியில் நின்ற மெர்வினுக்கு, தான் அன்றைக்கு விமானத்தில் எதிர்பார்த்துப் போனது இப்போது கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்கியதும், மகளின் முதுகு கண்ணில் பட்டது. அவள் மெஷினின் கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள்.

“நான் என்ன பண்ணட்டுமுங்க?” என்று கரோலின் கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றான்.

அவள் திரும்பிப் போன அன்றைக்கு அவன் வழியனுப்பப் போகவில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு விவசாயி கிணற்று மோட்டாரை டெம்போவில் ஏற்றிவந்து, தண்ணீரில்லாமல் வாழை காய்கிறது என்று கடை வாசலில் நின்றிருந்தார். ரெனிட்டாவைக் கண் பார்வையில் உட்காரவைத்துவிட்டு, எரிந்துபோன செம்புக் கம்பியை மெர்வின் வெட்டி எடுக்கத் தொடங்கினான்.