கோட்டுப்பாறையில் தாலி காட்டியவன்

உங்கள் பொண்டாட்டி உங்கள் பொண்டாட்டிதான் என்று மலை உச்சியில் வைத்து யாரிடமாவது நிரூபித்திருக்கிறீர்களா? நான் நிரூபித்தேன். பெரிய கெட்டிக்காரன்.

காலையில் பக்கத்து வீட்டில் ஜல்லி இறக்கினார்கள். உடைத்த பாறைக்கு ஒரு வாசம் உண்டு. தீக்குச்சி அணைந்ததும் வருமே, கிட்டத்தட்ட அது. மூக்கில் ஏறியதும் ஆபீஸ் வேலையை மூடிவிட்டு இதை அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து பன்னிரண்டாவது நாள். நான் இரணியல் பக்கத்து, நாமம் இடும் அய்யாவழிக் குடும்பம்; செலின் கடப்புறத்துக்காரி, மீன் பிடிக்கும் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீடும் தலையாட்ட மூன்று வருஷம் ஆனது. கடைசிச் சண்டை தாலிக்கு. சிலுவை வேண்டும் என்றது ஒரு வீடு, நாமம் வேண்டும் என்றது மறு வீடு. ஆசாரி பாவம், இரண்டும் இல்லாமல் வெறும் இலை வடிவில் ஒன்று அடித்துக் கொடுத்தார். அது ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் சொந்தமான சாமான் என்று செலின் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கூட்டாளிகள் மூணாறு போகச் சொன்னார்கள். "அங்க எல்லாவனும் போவான். உங்க ஊருல இடிஞ்சு கெடக்க மலைக்கோவிலு உண்டுல்லா, அங்க கூட்டிட்டுப் போ மக்கா" என்றாள் செலின்.

அதுதான் கோட்டுப்பாறை. அரசாங்கப் பலகைகூடக் கிடையாது. சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கைகள், குடைவுக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உருவங்கள், கூரை போன கல்மண்டபம். ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் கட்டியது என்பார்கள். பாண்டவர்களுக்கு எங்கள் ஜில்லாவில் கொத்து வேலை தவிர வேறு வேலையே இருந்திருக்காது போல.

அப்பேர்ப்பட்ட இடத்துக்கு இவள் தூக்குவாளியில் கொண்டுவந்தது மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும். "சாமி கோவிக்கும்டி" என்றேன். "கல்லுச் சாமிக்கு மூக்கு அடைச்சிருக்கும்லே, பேசாம ஏறு."

பாதி ஏற்றத்தில் புதுத் தாலிச் சங்கிலி வியர்வையில் அவள் கழுத்தை அறுத்தது. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தாள். உச்சிக்குப் போனால் தென்னந்தலைகளுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு. செலின் அப்படியே நின்றுவிட்டாள். "எம்மா, கடலு இம்புட்டுதானா? இதுக்கா எங்கம்மை, கடலுக்குப் போன அப்பாவ நெனச்சு ஜெபமா சொல்லிட்டு இருந்தா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

மூன்று பேர் வந்தார்கள். மடித்துக் கட்டிய வேட்டி. ஒருவன் செல்போனில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டே வந்தான்.

"எந்த ஊரு பிள்ளே நீ?"

"கடப்புறம்."

"இவன் ஆரு?"

"எம் மாப்பிள்ள."

"தாலி எங்க?"

"இருக்க எடத்துல இருக்கு. ஒங்க வீட்டுக்காரிக்க கழுத்த நான் வந்து பாத்தனா?"

என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். காட்டாதே என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது. மீட்டிங்கில் இங்கிலீஷில் வாய் கிழியப் பேசுகிற நான், அவள் பையைப் பிடுங்கி, முடிச்சை அவிழ்த்து, தாலியைத் தூக்கிப் பிடித்தேன். "அண்ணே, பாத்தியளா, இருக்கு."

நடுவில் நின்றவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிலுவையும் இல்ல, நாமமும் இல்ல. இது ஒரு தாலியாடே?"

உடனே நான் செல்போனில் கல்யாண போட்டோவை எடுத்து, பெரிதாக்கி, இது அப்பா, இது மாமா என்று விளக்கம் வேறு. எழுதும்போதே என்னை நானே அறையத் தோன்றுகிறது.

"செரி, கெளம்புங்க. புண்ணிய ஸ்தலமாக்கும். காவலுக்கு நாங்க உண்டு" என்று தாலியை என் கையில் போட்டான்.

இறங்கும்போது செலின் கேட்டாள். "நீ எதுக்குலே காட்டினே?"

"அடிச்சிருந்தா?"

"வாங்கியிருக்கலாம்லா. ரெண்டு வீட்டுக்கும் மூணு வருஷம் காட்டினது பத்தலியா?"

சாளைக் கறியை யாரும் திறக்கவில்லை.

அடுத்த வருஷமே கோட்டுப்பாறையில் வெடி வைக்க ஆரம்பித்தார்கள். படுக்கைகள் போயின. மண்டபம் போனது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எந்த வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறார்களோ. கழுத்தைப் பார்க்க மூச்சிரைக்க மலையேறி வந்த மூன்று பேரில் ஒருவன்கூட ஒரு லாரியை மறித்து, எங்கடே போற என்று கேட்கவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். தாலியைத் திருப்பிப் பார்த்தவன் குவாரி வாசலில் உட்கார்ந்து, லாரி வந்தால் குறுக்குச் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறான். சம்பள வேலை.

"காவலுக்கு உண்டுன்னியளே அண்ணே?"

"அது வேற, இது வேற தம்பி. இதுக்குப் பேப்பரு உண்டு."

செலின் நின்று கடலைப் பார்த்த இடத்தில் இப்போது பாறை இல்லை, வெறும் காற்று. அவளை இனி எங்கே கூட்டிப் போய் நிறுத்தி, தப்பு என்னுடையது என்று சொல்வது?

ஜல்லி இறக்கி முடித்துவிட்டார்கள். செலின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் ஒன்றும் இல்லை; அன்று கழற்றியது கழற்றியதுதான்.