துண்டுக்குள் பேசிய விலை

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மாவைப் பொறுமையின் வடிவம் என்று எழுதித் தரும்படி தம்பி கேட்டான். அப்படி எழுதினால் உங்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். அம்மா யாரையும் லேசில் நம்பாதவர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம்கூட, "வேற என்னா விசயமா வந்தீங்க?" என்று கேட்டவர். அந்தக் குணத்தோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் குணம்தான் ஒருமுறை எங்கள் குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தது, காப்பாற்றவும் செய்தது.

அம்மா பிறந்தது கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி. வீட்டில் தமிழ், அக்கம்பக்கத்தில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சூளகிரிக்குப் பக்கத்தில் அப்பாவின் ஊருக்கு மருமகளாக வந்தபோது இங்கே இருந்தது கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் ராகியும் கொள்ளும்.

ஐம்பதுகளின் நடுவில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்பா எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி எருது வாங்கி வந்தார். அந்த வியாபாரம் எப்படி நடக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்துக் காட்டியே பேரம் முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒருவர் போலீசோடு வந்தார். எருதுகளின் தொடையில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டி, அவை தன்னுடையவை, களவு போனவை என்றார். விற்றவன் சந்தையில் சொன்ன பேரும் ஊரும் பொய். தரகரைக் காணவில்லை. திருட்டு மாடு என்று தெரிந்தே பாதி விலைக்கு வாங்கினார் என்று அப்பாமேல் வழக்கு. முழு விலை கொடுத்தேன் என்றார் அப்பா. அதைச் சொல்லச் சாட்சி இல்லை. அவரை ஓசூரில் சப் ஜெயிலில் வைத்தார்கள்.

என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அம்மா வக்கீல் தேடிக் கிளம்பினார். மாமா அம்மாவின் அண்ணன். இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அவர் சொன்னது. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடு என்பார் அம்மா. தள்ளியது போக மிச்சம் இது.

முதலில் பார்த்த வக்கீல், வழக்கு என்னவென்று கேட்பதற்கு முன்பே கவலைப்படாதீர்கள் என்றாராம். "கேக்காமயே தைரியம் சொல்றவரு கோர்ட்டுல என்னாத்தப் பேசுவாரு?" என்று அம்மா எழுந்துவிட்டார். அடுத்தவர் அளவுக்கு மீறி மரியாதை காட்டினார், அதுவும் ஆகவில்லை. கடைசியில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் கோர்ட்டுக்கு வந்துபோகும் வயதான வக்கீல் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் சிரிக்கவே மாட்டார் என்பதுதான் அம்மா கண்ட தகுதி. வக்காலத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த முறை கோர்ட்டுக்குப் போனபோது, எதிரே காப்பிக் கடையில் வக்கீலும் வழக்குப் போட்ட இன்ஸ்பெக்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டார். அவர்கள் எழுந்து போனதும், காப்பிக்குக் காசு கொடுத்தது யார் என்று கடைக்காரரிடமே விசாரித்தார். இன்ஸ்பெக்டர்தான் கொடுத்தாராம். அம்மாவுக்கு அது போதும்.

அன்றைக்கே வக்கீல் கேட்டார்: "சந்தையில வாங்கினதுக்குச் சீட்டு ஏதாவது இருக்குதாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க."

சீட்டு அம்மாவின் இடுப்பில் இருந்தது. சந்தைக் குத்தகைதாரர் மாட்டுக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கிக்கொண்டு கொடுத்த கன்னடச் சீட்டு. எருதின் நிறம், கொம்பு, விற்றவன் பேர், வாங்கியவர் பேர் எல்லாம் அதில் உண்டு. விலை மட்டும் இல்லை. மாடு வீடு வந்து சேர்ந்ததும் இந்தச் சீட்டை எல்லாரும் வீசிவிடுவார்கள். எழுத்து இருக்கும் எந்தக் காகிதத்தையும் வீசாதவர் அம்மா.

வக்கீல் யோசித்துவிட்டு, "அப்பிடின்னா குத்தத்தை ஒத்துக்கச் சொல்லுங்க, தண்டனை கொறையும்" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா மாமாவிடம், "பாத்தியாண்ணா? இவர வாங்கிட்டாங்க" என்றார். சீட்டைக் கொடுத்துவிடச் சொல்லி மாமா கெஞ்சினார். "குடுத்தா கிழிச்சிப் போட்டுட்டு, குடுக்கவே இல்லைம்பாரு. நான் ஜட்ஜு ஐயா கையிலதான் குடுப்பேன்."

அடுத்த வாய்தாவில் அப்பா கூண்டில் நின்றார். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். வக்கீல் சொன்னபடி அப்பா தலையாட்டப் போகும் நேரத்தில், "இருங்க சாமி!" என்று சீட்டைத் தூக்கிப் பிடித்து அம்மா எழுந்துவிட்டார். சேவகர் தடுத்தார். எதுவானாலும் உன் வக்கீல் மூலம் கொடு என்று மாஜிஸ்திரேட் கடிந்துகொண்டார். வேறு வழியில்லை. அம்மா சீட்டை வக்கீலிடம் நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் வக்கீல்.

"விடுங்கம்மா, கிழிஞ்சிடும்" என்றார் வக்கீல், தணிந்த குரலில்.

அம்மா விட்டார். கண்ணை மட்டும் சீட்டைவிட்டு எடுக்கவில்லையாம்.

மனிதர் கிழிக்கவில்லை. அவகாசம் கேட்டு வாங்கி, குத்தகைதாரரின் ஆளைச் சீட்டுகளின் அடிக்கட்டைப் புத்தகத்தோடு சாட்சிக்கு வரவழைத்தார். திருட்டு மாடு என்று தெரிந்தவன், அத்தனை பேர் நடுவில் சொந்தப் பேரில் சீட்டு எழுதி வாங்குவானா என்று வாதாடினார். எருதுகள் உரியவரிடம் போயின. அப்பா விடுதலையானார்.

கோர்ட் வாசலில் வக்கீல் அம்மாவைத் தனியே கூப்பிட்டார். மாமா பக்கத்தில் இருந்தார். "சீட்ட மறைச்சது என்மேல இருந்த சந்தேகத்துல. அது போவுது. துண்டுக்குள்ள என்னா வெலைன்னு நீங்க அவரக் கேட்டீங்களா?" என்றார். அம்மா போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

அதன்பின் தம்பியும் தங்கையும் பிறந்தார்கள். அப்பா காலமானபோது தங்கைக்கு ஆறு வயது. கறவை மாடு வைத்து, கூலிக்குக் களை எடுத்து, மூன்று பேரையும் அம்மா கரையேற்றினார். தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தபோது, அந்தக் கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தார். கடைசி நாட்களில் கண்ணிமைபோல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களில் கூட நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்றான் தம்பி. எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன்: "அப்பா என்ன வெல குடுத்தாருன்னு நீ கேக்கவே இல்லியாம்மா?"

"கேக்கல."

"ஊரையே கேள்வி கேட்ட. அவர மட்டும் ஏன் விட்ட?"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவங்க பொய்யின்னா வேற ஆளப் பாத்துக்கலாம். பாதி வெலைதான்னு இவரு சொல்லியிருந்தா, உன்ன இடுப்புல வச்சிக்கினு நான் எங்கடி போறது?"

அந்த வக்கீல் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்து வந்த பதில் இது. அவருக்கு மட்டும் அம்மா கடைசிவரை நன்றி சொல்லவில்லை. அவருக்கு எட்டாது என்று தெரிந்தும், அந்த நன்றியை அம்மா சார்பில் நான் சொல்லி முடிக்கிறேன்.