சீலா மீனுக்குக் கம்பி

எண்ணூர் முகத்துவாரப் பாறையில் நான் முதன்முதலாகச் சீலா மீனுக்குத் தூண்டில் போட்டது ஒரு மாசி ஞாயிறு என்று என் நாட்குறிப்பு சொல்கிறது. வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், வலது கையை மூடித் திறந்தபடியே வந்தார். தூண்டில் முள்ளுக்கு மேலே நான் கட்டியிருந்த நைலான் நரம்பைப் பல்லால் கடித்தார். அறுந்தது.

“சீலா பல்லுக்கு இது தாங்குமா? இன்னா சார், புக்குல பட்ச்சியா?”

“கம்பி கட்டினால் மீனுக்குத் தெரிந்துவிடுமே.”

“பவர் ஹவுஸ் சாம்ப கலந்த இந்தத் தண்ணியில அதுக்கு இன்னா தெரியும்? அறுத்துக்கினு உன் முள்ளோட வந்து என் வலைல மாட்டும். அப்பால இதான்.”

உள்ளங்கையை விரித்தார். தூண்டில் முள் கிழித்த காயத்தில் சீழ் கட்டியிருந்தது.

மறுவாரமே கம்பிக்கு மாறினேன். அதையும் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். இன்றும் என் வணக்கத்துக்குப் பதில் கிடையாது. முள்ளுக்கு மேலுள்ள ஒரு சாண் கம்பியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.