வெள்ளைக்கும் மேலே ஒரு வெள்ளை

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பலகையார். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வெட்டவெயிலில் ஒரு வெள்ளைப் பலகையோடு நிற்பதுதான் உத்தியோகம். கேட்பவர்களிடம் விண்வெளித் துறை என்பார். பொய்யில்லை; விண்வெளிக்குக் கொஞ்சம் கீழே நின்றார், அவ்வளவுதான்.

மேலே பறந்தது சூட்கேஸ் அளவுச் செயற்கைக்கோள். நாம் பச்சை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை அது நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்துப் பார்த்து, பயிரில் நோயா, தண்ணீரில் பாசியா என்று சொல்லிவிடுமாம். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு வெள்ளை எது என்று மட்டும் தெரியாது. கீழேயிருந்து யாராவது சொல்லித்தர வேண்டும். அது தலைக்கு மேல் வரும் நேரத்துக்குப் பலகையார் ஒரு பொட்டல்வெளிக்குப் போய், கைக்கருவியால் முதலில் பலகையை அளப்பார், பிறகு தரையை அளப்பார். பலகைதான் முழு வெள்ளை. மற்றதெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான். அவர் அனுப்பும் கணக்கை வைத்து மேலே இருப்பதன் பார்வையைத் திருத்துவார்கள்.

பலகையில் விரல் படக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டளைகள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், அலுவலகம் வரை போகச் சோம்பல்பட்டு வீட்டுக்கே தூக்கிப்போனார். பலகை மேலெல்லாம் சேறு தெறித்திருந்தது. மனைவி குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பவள். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மறுநாள் பலகை பளிச்சென்று இருந்தது. துடைத்து வைத்திருக்கிறாள் என்று மகிழ்ந்து, எடுத்துப் போய் அளந்தார்.

சில நாளில் அலுவலகம் அமர்க்களப்பட்டது. ஊருக்கே குடிதண்ணீர் தரும் ஏரி முழுக்கப் பாசி என்று செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிட்டது. மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் கெட்டுப்போனதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று ஏரியே திகைத்திருக்கும்.

அந்தத் தண்ணீரைத் தினமும் சோதித்து, நல்ல தண்ணீர்தான் என்று கையெழுத்துப் போட்டவள் பலகையாரின் மனைவி. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். திரும்ப ஒரு குவளை மொண்டு பாருங்கள் என்று கெஞ்சினாள். குவளை என்ன விண்வெளியிலா பறக்கிறது, அதன் பேச்சை மதிக்க? குவளைக்கும் ஒரு குழு போடுவார்களாம், காத்திருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, பாசியே இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றாள். பலகையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கருவி பொய் சொல்லாதும்மா. நீதான் எங்கயாவது கவனிக்காம விட்டிருப்ப."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து பேச்சும் நின்றது, அவர் சட்டையைத் துவைப்பதும் நின்றது.

ஆகவே விண்வெளித் துறை துணி துவைக்க உட்கார்ந்தது. சோப்புத்தூள் பொட்டலத்தின் முதுகில், வெள்ளைக்கும் மேலே ஒரு வெள்ளை, வெயிலில் நீலமாய் மின்னும் என்று எழுதியிருந்தது. பலகையார் பொட்டலத்தோடு எழுந்தார். பலகையை எதால் கழுவினாய் என்று ஓடிப்போய்க் கேட்டார். அவள் பொட்டலத்தைக் கண்ணால் காட்டினாள்.

கணக்கு விளங்கிவிட்டது. பலகை நீலத்தில் அளவுக்கு மீறி மின்ன, அதோடு ஒப்பிட்ட தரையில் நீலம் குறைந்து தெரிந்திருக்கிறது. அதை நம்பித் திருத்தப்பட்ட செயற்கைக்கோள் ஏரியிலும் நீலத்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறது. நீலம் குறைந்தால் பாசி என்று அர்த்தம். சோப்புத்தூளைத்தான் விஞ்ஞானம் இத்தனை நாளாகக் கொண்டாடியிருக்கிறது.

மறுநாள் மேலாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பலகையைப் பிடுங்கிக்கொண்டார்கள், அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். செயற்கைக்கோளின் பார்வை மேலும் கூர்மையாக்கப்பட்டிருக்கிறது என்று வெளியே அறிவித்தார்கள். குடிநீர் நிலையமும் மனைவியைத் திரும்பக் கூப்பிட்டது.

பலகையார் ஏதோ சாதித்தவர் போல வீடு வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே உன்மேல யாருக்கும் சந்தேகம் இல்ல."

அவள் மறுநாள் வேலைக்குப் போவதற்காகப் பையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு என்னைத் தெரியாது, சந்தேகப்பட்டாங்க. உங்களுக்குமா தெரியாது?"