அண்ணாச்சி கேட்ட திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை இலஞ்சி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கோமதிநாயகம் அண்ணாச்சியின் மகன் போனில் அழைத்து, "அப்பா போயிட்டாவ" என்றான். வேறென்ன கேட்பது என்று தெரியாமல், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். முப்பது வருடச் செய்திப் பழக்கம்.

பேப்பரின் தென்காசி அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. ஐந்தருவியில் குளிக்கத் தடை என்று யாரோ சொன்னதை ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், "அருவி உமக்குப் போன் போட்டுச் சொல்லுச்சோ வே?" என்றார். இருவரும் பஸ் ஏறிப் போனோம். தடை நீங்கி, ஜனம் குளித்துக்கொண்டிருந்தது. அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்.

ஓய்வு பெற்ற பின்னும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை அவர் விடவில்லை. வழக்கமாகத் தேய்த்துவிடும் மாரியப்பனிடம் இந்தச் சீசன் தொடக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவருடைய வலது தொடை எலும்பு முறிந்தது. மாரியப்பன் காலை முறுக்கியதால்தான் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். போனில் கேட்டு, அதையே நாலு வரிச் செய்தியாகப் பேப்பருக்கு அனுப்பினேன். செய்தி வந்த நாள் முதல் மாரியப்பனை அங்கே தொழில் செய்ய விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி பேப்பரைத் தலைமாட்டில் வைத்திருந்தார். "அவன் கை என் தோள்ல இருந்துது வே. காலத் தொடவே இல்ல. துண்டெடுக்கத் திரும்புனேன், முறிஞ்சிட்டு. திருத்தம் போடும்."

விழாமல், அடிபடாமல் தொடை எலும்பு முறியுமா? மாரியப்பனைக் காப்பாற்றுகிறார் என்றே நினைத்தேன். டாக்டரிடம் கேட்டேன். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்குச் சும்மா திரும்பினாலே முறியலாம், இருமி விலா எலும்பு முறிந்தவர்களும் உண்டு என்றார். முன்பே தொடையில் வலி இருந்ததா என்று கேட்டார். பல வாரமாக இருந்திருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு அண்ணாச்சி நடந்திருக்கிறார்.

திருத்தம் எழுதி அனுப்பினேன். இடமில்லை என்று தள்ளினார்கள். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. போகும்போதெல்லாம் திருத்தம் வந்ததா என்று கேட்டார். நாளைக்கு வரும் என்றேன். கடைசியாகப் போனபோது அவரால் பேச முடியவில்லை. என் கையிலிருந்த பேப்பருக்குக் கை நீட்டினார்.

அண்ணாச்சியின் உடலை எடுத்த அன்று மாரியப்பன் தெருமுனையிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"நீங்க எழுதுனத வாசிச்சவங்கதான் சார் உள்ள பூரா இருக்காவ" என்றார்.

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் சொல்லி நான் முடிக்காத இந்த ஒரு வேலை. அவரைத் தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன்: நான் எழுதிய செய்தி தவறு. எலும்பு முறிந்தபோது மாரியப்பனின் கை அவருடைய தோளில் இருந்தது.