கட்டிலுக்கு அடியில் ஒரு பேட்டரி

பேட்டரி வண்டி சர்வீஸ் பார்ப்பவனுக்குப் போன் மணி அடித்தாலே, எங்கே எது புகைகிறதோ என்றுதான் தோன்றும். ராஜபாளையத்தில் என்னைப் போல் கடை போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சூடம்

ஆயுத பூஜைக்கு மறுநாள், மகாராஜபுரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி ஸ்கூட்டரோடு வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சார்ஜ் நிற்கவில்லையாம். பேட்டரியைக் கழற்றினால், தலையில் சந்தனம், குங்குமம், நடுவில் கருகிய வட்டம். அதன் மேலேயே சூடம் ஏற்றியிருக்கிறார். பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் உப்பியிருந்தது. இனி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும், இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று மன்றாடினேன். கேட்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஆயுதத்துக்குச் சூடம் காட்டாம, பொறவு எதுக்குத் தம்பி காட்டச் சொல்லுத?"

கைக்கெட்டும் தூரம்

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே மகாராஜபுரத்துக்கு வண்டியை விட்டேன். அண்ணாச்சியின் கட்டிலுக்கு அடியில் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அறைக்கு ஒரே வாசல், கட்டில் அதை ஒட்டி. நானே பிளக்கைப் பிடுங்கினேன். தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை என்றேன். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அண்ணாச்சி சிரித்தார்.

"துப்பாக்கிய எட்ட வச்சுட்டு நான் தூங்குனதே இல்ல தம்பி."

போன்

நாலாம் நாள் காலை மதினி கூப்பிட்டார். பேட்டரி புகைகிறதாம். யாரும் கிட்டே போகாதீர்கள், தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டுப் புறப்பட்டேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியும் அந்த ஒற்றை வாசல்தான் கண்ணில் நின்றது. கடையிலேயே பிடுங்கி வைத்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், காலி மாட்டுக்கொட்டகையின் சிமெண்டுத் தரையில் பேட்டரி கரிக்கட்டையாகக் கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் தெருவில் பத்திரமாக நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. யார் இதை வெளியே கொண்டுபோனது என்று கேட்டேன். மதினிதான் பதில் சொன்னார்.

"நீங்க வந்துபோன அன்னைக்கே அவியகிட்ட சொல்லிட்டேன் தம்பி, அது கட்டிலடியில கெடந்தா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு."

புதுசு

அந்த மாடலுக்குக் கம்பெனியே தரும் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை மாட்டிக் கொடுத்தேன். கனம் கூடுதல், ஓடும் தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் லேசில் தீப்பிடிக்காது. அப்படியென்றால் இதை உள்ளே வைக்கலாமா என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டார்.

"எம்புட்டு நல்ல பேட்டரியா இருந்தாலும் அதுக்குப் படுக்கை கொட்டகையிலதான்."

இப்போதெல்லாம் பேட்டரி வாங்க எந்த ஆம்பளை தனியாக வந்தாலும், வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.