உதட்டோரத்துப் புண்

அந்த அழகுநிலையக்காரிக்குப் பல்லில் கம்பி கட்டும் ஆசை வந்தபோது வயது நாற்பது. "இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க, அண்ணி?" என்று நாத்தனார் கேலி செய்தாள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இவள் இரண்டு பல்லைப் பிடுங்கி இடம் விட்டு, கம்பியும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஊரார் தலையை எல்லாம் அலங்கரிக்கிறவள், தன் வாயைச் சரிசெய்துகொண்டால் குற்றமா என்ன?

கொஞ்ச நாளில் இடது உதட்டோரம் சிவந்து, தடித்து, ஓயாமல் அரித்தது. பல் டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார்.

"மலிவான கம்மல் போட்டா காது புண்ணாகுமா?"

"சின்ன வயசுலேருந்தே ஆகும், டாக்டர்."

"அப்போ உங்களுக்கு நிக்கல் ஒத்துக்கலை. இந்தக் கம்பியிலயும் அது இருக்கு. கழட்டிட வேண்டியதுதான்."

கழற்றினால் பிடுங்கிய இடம் இரண்டும் ஓட்டையாகவே நின்றுவிடும். நாத்தனாருக்கு அது போதும். அதற்கு நடுவிலும் அவளை ஒரு சந்தேகம் குடைந்தது. கம்பி வாய்க்குள்ளே நெடுக ஓடுகிறது. புண் மட்டும் ஏன் வெளியே, அதுவும் ஒரே பக்கம்? கேட்டேவிட்டாள்.

"அதானே! உள்ள சுத்தமா இருக்கே!" டாக்டரம்மா குறடை வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். குனிந்ததில் கொண்டை அவிழ்ந்து முகத்தில் சரிந்தது.

"கையுறையோட தொடாதீங்க, நான் போட்டு விடறேன்" என்று எழுந்தவள், பையிலிருந்து ஒரு பிடி ஹேர்பின்னை அள்ளி உதட்டோரம் இடுக்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாக இடது கடைவாயில் நெம்பிப் பிரித்துக் கொண்டையில் செருகினாள். கம்பி வரும்வரை இடுக்குவது, பிரிப்பது இரண்டையும் முன்பல்தான் பார்த்துவந்தது.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "தினமும் இப்படித்தானா?"

"ம்."

"கெட்டியானதைக் கடிக்காதீங்கன்னு சொன்னேனே!"

அவள் பின்னையெல்லாம் கையில் துப்பினாள். "நீங்க சாப்பாட்டைச் சொல்றீங்கன்னுல்ல நினைச்சேன்!"

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இந்தப் பின்லயும் நிக்கல்தான். இனிமே பின் வாய்க்கே போகக் கூடாது. புண் ஆறுதான்னு பார்ப்போம். அதுவரைக்கும் கம்பி இருக்கட்டும்."

ஆறிவிட்டது. கம்பி தப்பியது.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அடுத்த மணப்பெண்ணின் தலையில் வேலையைத் தொடங்கியதும் பின்னோடு நேரே வாய்க்குப் போனது. அடக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் பெண்ணின் மடியில் கொட்டினாள். "நீயே பிரிச்சுப் பிரிச்சுக் குடும்மா."

இத்தனை வருஷமாக வேலைநேரத்தில் 'ம்', 'ம்ஹூம்' தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அன்று பேச்சு பிடித்துக்கொண்டது. போனில் பேசிக்கொண்டே தூங்கிப்போகும் மாப்பிள்ளையின் குறட்டையைப் பற்றிப் பெண் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிர்க் கண்ணாடியில் கம்பியும் ஓட்டையுமாகத் தன் வாய் அகலத் திறந்திருப்பதை அவள் பார்த்தாள். பல் நேராகும்வரை யார் எதிரிலும் சிரிப்பதில்லை என்று இருந்தவள் அவள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.